தனியாகச் சட்டை கழற்றுகிறவர்

பெயிண்டருக்கு வாயில் வராத ஒரே சொல் ‘முடியாது’. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் வீட்டு மேல்தளத்தை அண்ணாந்து பார்த்தே வேலை செய்தவர். மேஸ்திரி எதைக் கேட்டாலும் முதலில் ‘முடியும்’ என்பார். எப்படி என்பதை அப்புறம் யோசிப்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கினார். இன்றைக்கு அதுவே குடியைக் கெடுத்துவிடுமோ என்று அவர் மனைவிக்குப் பயம்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் டாக்டர் ‘இவரால் இனி இந்த வேலை இயலாது’ என்று எழுதினால் மாதாமாதம் உதவித்தொகை வரும். எழுதாவிட்டால் திங்கட்கிழமை அவர் ஏணியில் ஏறுவார். மேஸ்திரியிடம் ஏற்கெனவே ‘முடியும்’ என்று சொல்லியாகிவிட்டது. போன தடவை ஏறியபோது வலது தோள் பாதியில் பிடித்துக்கொண்டு, ஆள் ஒரு பக்கமும் வாளி ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். அன்றைக்கு உடைந்தது வாளி. ஒவ்வொரு தடவையும் வாளியே உடையும் என்று என்ன நிச்சயம்?

அதனால் மூன்று நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. அவள் டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தூக்க முடியுமா என்று கேட்பாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ‘கொஞ்சம் சிரமம்’ என்பார். அதற்கு மேல் ஒரு சொட்டு கறக்க முடியவில்லை.

ஆபீஸில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர்களுடைய மூத்த பெண்ணின் வயசுதான் இருக்கும். கூட வந்தவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மனைவி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கை அடங்கினால்தான் அவளுக்கு வாய் அடங்கும்.

டாக்டர் படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். மாடிப்படி ஏறுவீர்களா? ஏறுவார். கனமான பை? தூக்குவார். ‘கொஞ்சம் சிரமம்’ எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. நடுவில் பெயிண்டர் அண்ணாந்து, மூலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்த மேல்தளத்தைப் பார்த்தார், கழுத்து எட்டிய மட்டும்.

“பட்டி சரியாப் பாக்காம பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதான் உதிருது.”

“உங்களால அடிக்க முடியுமா?” என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

“ஒரு நாள் வேலைம்மா.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் அடுத்து கூலியும் பேசிவிடும் போலிருந்தது.

குளிப்பது, உடுத்துவதெல்லாம் எப்படி என்று டாக்டர் கேட்டார். எல்லாம் தானேதான், யார் தயவும் கிடையாது என்றார் பெயிண்டர். அதை அவர் மனசார நம்பித்தான் சொன்னார். மனைவிக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

தோளைப் பார்க்க வேண்டும், சட்டையைக் கழற்றுங்கள் என்றார் டாக்டர்.

பொத்தான்களை இடது கையால் கழற்றினார். பிறகு எழுந்து, மனைவிக்கு முதுகைக் காட்டி, முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்றார். அவளுடைய கைகள் தாமாகவே வெளியே வந்தன. “ம்” என்றாள். அவர் இடது தோளை இறக்கினார். இடது கை வெளியே வந்தது. “ம்.” வலது முழங்கையை முட்டையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, கை அசையாமல் சட்டையை மட்டும் உருவினாள். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கைகளைத் தொடைக்கு அடியில் செருகினாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இப்ப சட்டையைக் கழட்டினது யாரு?”

“நான்தான்” என்றார் பெயிண்டர். தன் வெறும் மார்பைப் பார்த்தார். மனைவி மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார். “இவ சும்மா ஒரு கை குடுப்பா.”

எத்தனை நாளாக என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் பேசலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு யோசித்தாள். முதலில் சட்டைக் கையை மட்டும்தான் பிடித்தாள். பிறகு காலர். ரெண்டு வருஷம் இருக்கும் என்று சொன்னபோது அவளுக்கே திக்கென்றது.

“இப்ப நீங்களே போடுங்க. அம்மா, நீங்க உக்காருங்க.”

“முடியும்” என்றார் பெயிண்டர்.

இடது கை நுழைந்தது. மற்றச் சட்டைக் கை முதுகுப் பக்கம் தொங்கியது. அதைப் பிடிக்க அவர் இருந்த இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். அதுவும் கூடவே சுற்றியது. மூன்றாவது சுற்றில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. மனைவி தன் கைகள் மேல் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கஷ்டமான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“முடியலடி.”

டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார், நிறைய. ஏணிப் பக்கமே இனிப் போக வேண்டாம், மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள் என்றார். மனைவி எழுந்து வந்து, “ம்” என்றாள். பெயிண்டர் தாழ்ந்து நின்றார்.

வாசல் வரைக்கும் போனவர் அங்கே நின்று இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். “இருந்தாலும் அந்த மூலைய மட்டும்…”

“வாயத் திறந்தீங்க, ராத்திரி சட்டையோடதான் தூங்கணும்” என்றாள் அவள்.