கையில் திணித்த சாவி

இசக்கிப்பாண்டி வண்டியை அணைக்காமலே வாசலில் நின்றான். பள்ளிக்கூடத்துக் காவலாளி அவன்.

"யக்கா, அந்தச் சாவிக்கொத்தத் தாங்க. கேட்டத் தொறக்க முடியாம டீச்சர்மாரெல்லாம் வெயில்ல நிக்காங்க. இன்னொரு சாவி பள்ளிக்கூடத்து முதலாளிகிட்ட கெடக்கு, அவரு மதுரையில இருக்காரு."

பொன்செல்வி டிவி மேல் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். நேற்று மத்தியானம் நாலாம் வகுப்பில் அவள் மகன் லிங்கேஷுக்கு வலிப்பு வந்து கை கால் இழுத்தபோது, யாரோ "இரும்பு, இரும்பு" என்று கத்த, தலைமையாசிரியை ஞானபூரணம் தன் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து மூடியிருக்கிறாள். பூக்கடையிலிருந்து ஓடிப்போய் பொன்செல்வி அவனை ஆட்டோவில் அள்ளிப்போட்டு வந்தாள். அவன் தூங்கிய பிறகுதான் விரல்கள் விரிந்தன. சாவியின் பல்வரிசை உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அது எந்தப் பூட்டின் சாவி என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பள்ளிக்கூடத்துப் பூட்டு அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற ரகம் என்பதால் சாயங்காலம் அங்கேயும் யாரும் தேடவில்லை.

சாயங்காலம் ஞானபூரணம் போன் செய்தாள். "தப்பா நெனைக்காதம்மா. இது ரெண்டாவது தடவ. மத்த பிள்ளைக பயப்படுது. பாடத்த வாட்ஸ்அப்புல அனுப்பிருதோம். பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வா."

"பாளையங்கோட்டை டாக்டர் பள்ளிக்கூடத்துக்குத் தாராளமா அனுப்பலாம்னு சொன்னாரு, டீச்சர்."

"டாக்டரு வந்து எங்கூட நிப்பாராம்மா?"

பொன்செல்வியின் வாயிலிருந்து "சரி டீச்சர்" என்று வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் அது வாட்ஸ்அப் வராத பட்டன் போன் என்பதே நினைவுக்கு வந்தது. காலையில் சோறு வடிக்கும்போதும் அந்தச் 'சரி' அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பையன் விழுந்த இடத்தில் அவனைத் தேற்ற அவர்களிடம் இருந்தது ஓர் இரும்புத்துண்டு. எழுந்தவனுக்குக் கொடுக்க ஒரு பெஞ்சு இல்லை.

"சாவி மட்டும் போதுமா அண்ணாச்சி?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"சாவி வேணும். புள்ள வேண்டாம்."

"என்கிட்ட ஏன்க்கா கோவப்படுதீய? நான் சாவிக்கு வந்தவன்."

பொன்செல்வி உள்ளே திரும்பினாள். "ஏலே லிங்கேசு, யூனிபாரத்தப் போடு."

பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "வர வேண்டாம்னாங்கல்லாம்மா?"

"கேட்டுச் சாவி ஒன் கையிலதான இருக்கு. நீ போவாட்டா யாருமே உள்ள போவ முடியாதுல." சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்தாள். இந்த முறை அவன் தானாக விரல்களை மூடிக்கொண்டான்.

பள்ளிக்கூட வாசலில் தெருவை அடைத்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள். லீவு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்த சந்தோஷம் எல்லா முகத்திலும் இருந்தது. லிங்கேஷைக் கண்டதும் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"போச்சு! சாவிய இவன் கொண்டாந்துட்டாம்ல! ஒருநாள் லீவையும் கெடுத்துட்டியேடா வலிப்பா!"

பொன்செல்விக்குச் சுருக்கென்றது. ஆனால் லிங்கேஷ் சிரித்தான். "போலே, ஓட்டப்பல்லா!"

ஞானபூரணம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கையை நீட்டினாள். "கொண்டா." பிறகு பொன்செல்வியைப் பார்த்தாள். "நேத்தே சொன்னேம்லா?"

"சொன்னீய டீச்சர். நானும் சரின்னேன். அந்தச் சரிய இப்பத் திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"மறுபடி விழுந்தா யாரு பொறுப்பு?"

"விழுவான். ஒரு பக்கமாச் சாச்சுப் படுக்க வைங்க. கையில, வாயில ஒண்ணும் திணிக்காதீய. அஞ்சு நிமிசத்துக்கு மேல போச்சுன்னா ஆம்புலன்சக் கூப்பிடுங்க. மத்தபடி அவனா எந்திரிச்சிருவான். முழிக்கும்போது பக்கத்துல அவன் கிளாஸ் பிள்ளைக இருக்கணும் டீச்சர். அவ்வளவுதான் நான் கேக்கேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. லிங்கேஷ் அந்தக் கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"தொறலே," என்றாள் பொன்செல்வி.

பூட்டு அவனுடைய முகத்தின் உயரத்தில் தொங்கியது. முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. பின்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மூன்றாவதை இரண்டு கையாலும் திருகினான். பூட்டு வாயைத் திறந்தது.

"லிங்கேஷ், நீ அங்கேயே நில்லு—" என்று ஞானபூரணம் தொடங்குவதற்குள், அடைபட்டு நின்ற கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. எல்லாம் ஒரே நீலம், ஒரே வெள்ளை, எண்ணெய் வைத்த ஒரே மாதிரி தலைகள். பொன்செல்வி எட்டி எட்டிப் பார்த்தாள். அதில் தன் பிள்ளை எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டுச் சங்கிலியில், பூட்டோடு சேர்ந்து, சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது.