நேரில் பார்த்தது

அலுவலகத்தில் எனக்கு வைத்த பெயர் டிக்கு. கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு குழாயையும் கம்பியையும் கணினிப் படத்தோடு ஒப்பிட்டு, 'நேரில் பார்த்தது' என்ற கட்டத்தில் டிக் போடுவது என் வேலை. பதினொரு மாடிக்கு நாற்பத்திரண்டாயிரம் டிக். நாளைக்கு அங்கே பராமரிப்பு வேலை செய்கிறவர்கள் சுவரை உடைத்துப் பார்க்க வேண்டாம், டேப்லெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள்.

நான்காம் மாடியை ஒழுங்காகத்தான் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. ஐந்திலிருந்து ஒன்பது வரை அதே அமைப்பு என்று வரைபடம் சொன்னது. லிஃப்ட் வேறு ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்காம் மாடியை நகலெடுத்து மற்ற ஐந்திலும் ஒட்டினேன். டிக்குகளும் கூடவே போய் ஒட்டிக்கொண்டன. இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவன் எவனாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

ஏழாம் மாடியில் ஒரு பீம் குறுக்கே வந்ததால் மின்கம்பியை வேறு வழியாகத் திருப்பியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. ஏறிப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆட்கள் குடிவந்துவிட்ட மாடிகளுக்கு எலக்ட்ரீஷியனாக இருந்தவர் என் தங்கையின் கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சுவருக்குள் கம்பி இருந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். துளை போடுமுன் அதைச் சுவரில் தடவிப் பார்ப்பார். "அதான் படம் இருக்கே, இது எதுக்கு?" என்று மேனேஜர் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான் டிக்கு போட்டதுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு துளை போடுவேன்."

"கண்ணத் தொறந்தே போடுங்க மாப்ள" என்றேன். பெரிய நகைச்சுவை போல இருவரும் சிரித்தோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஏழாம் மாடியில் ஒரு திரையை மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டார். படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஏணியிலிருந்து கீழே விழுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார்கள்.

நான் மேலே ஓடியபோது மேனேஜர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மொதல்ல அந்தக் கம்பியப் படத்துல போடுங்க! அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு பேரு வேலை செய்றாங்க." நியாயமான பேச்சு. மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும்போது நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து கோடு போட்டேன். சேமித்ததும் எல்லா டேப்லெட்டிலும் சிவப்பாக வந்துவிட்டது. அவருடையதிலும்தான். பழைய படம் எங்கேயும் இல்லை. கட்டடத்தை முழுதாக ஒப்படைக்கும்வரை பழைய பிரதி வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று அந்த மென்பொருளை அமைத்தவர்களே நாங்கள்தான்.

மாலையில் வந்த பாதுகாப்பு அதிகாரி மாப்பிள்ளையின் டேப்லெட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதினார்: 'கம்பி படத்தில் தெளிவாக இருந்தும் பணியாளர் பார்க்கவில்லை.'

இரண்டு நாள் கழித்து அறிக்கை கைக்கு வந்ததும் மேனேஜரிடம் போனேன். "சார், அந்தக் கோட்ட அப்புறம்தான் போட்டேன். நீங்கதான் போடச் சொன்னீங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நான் அப்படி எதுவும் சொல்லல. நீங்க ரெண்டு நாளா தூங்கல. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

நான் தங்கை வீட்டுக்குப் போனேன். அறிக்கையின் நகலை அவளுக்கும் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சட்டைகளையெல்லாம் கொக்கியிலிருந்து எடுத்து ஒரு பைக்குள் திணித்துக் கட்டி, கதவோரம் தள்ளி வைத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அறிக்கையில் இருந்த படத்தை என் முன்னால் நீட்டினாள்.

"எவ்ளோ பெருசா, செவப்பா போட்டிருக்கு பாரு. இதப் பாக்கக்கூட அவருக்கு நேரமில்லையா? ஒரு நிமிஷம் என்னையும் பாப்பாவையும் நெனச்சிருந்தா பாத்திருப்பாருல்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியிலிருந்து நகலெடுத்தது, ஏழாம் மாடிக்குப் போகாதது, அவர் படம் பார்த்துவிட்டுத்தான் துளை போட்டிருப்பார் என்பது, அந்தச் சிவப்புக் கோட்டை அவர் போன பிறகு நான் வரைந்தது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கன்னத்தில் அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல நான் ஒடச்சதுக்கெல்லாம் நீதான் அடி வாங்குவ. இதுக்குமா வருவ?"

"சத்தியமா சொல்றேம்மா. தப்பு என்னோடது. அவரு பாத்தாரு."

"வேணாம்ணா. எனக்காகப் பொய் சொல்லாத. வெளிய சொல்லிடாத, உன் வேலையும் போயிடும்." பையைப் பார்த்தாள். "கூட இருந்தவருண்ணா. இப்படி அலட்சியமா விட்டுட்டுப் போயிட்டாரு. அவரத் திட்டி முடிக்காம எனக்கு அழுககூட வராது."

நான் மறுபடியும் நான்காம் மாடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவள் எழுந்து உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.