புதன்கிழமை ஜாம் கோழி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. இரண்டாயிரத்து ஒன்றாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். தங்கசாலையிலிருந்து ராயபுரம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா, மடியில் பெரிய அட்டைப்பெட்டி, பெட்டியின்மேல் ஓவன் படம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கொயந்தைய மடில வெச்சிக்கினு வந்தா லக்கேஜ் கேப்பியா நைனா? இத்தயும் அப்டி நெனச்சிக்கோ."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். கல்மண்டபத்தில் அந்த அம்மா பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் யார், எந்த வீட்டுக்குப் போனார், அந்தப் பெட்டியில் என்ன வெந்தது என்பதெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ராயபுரம் ஸ்டேஷனின் பழைய தூண்களில் சாயங்கால வெயில் சாய்ந்து" — வேண்டாம். ஸ்டேஷன் அழகுதான், ஆனால் அதற்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் இப்படி: "பிலோமிக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தெட்டு."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

2

பிலோமிக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தெட்டு. ஹார்பர் பக்கம், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை லியோனார்ட், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அந்தப் பழக்கம் கீழே இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அவரை விடவில்லை. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு போஸ்ட்கார்டில் எழுதிவிடலாம், விலாசத்துக்கும் இடம் மீதி இருக்கும்.

அவருக்கு ஒரு மகள், ஷைனி. பத்தாவது படிக்கிறாள். அவளுடைய அம்மா சிலுவையம்மாள் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்கவே இல்லை.

ஷைனியைக் கெட்ட பெண்ணாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். கதவை அறைந்து சாத்துவாள், தட்டைத் தள்ளுவாள், வாசகருக்குப் பிலோமிமேல் இரக்கம் பிறந்துவிடும். ஆனால் அவள் அப்படி வரமாட்டேன் என்கிறாள். அவள் மரியாதை தெரிந்த பெண். பிலோமி வஞ்சிரக் குழம்பு வைத்தால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

"நல்லாதான் கீது ஆன்ட்டி. மம்மி வெந்தயம் கொஞ்சம் கம்மியா போடும்."

பிலோமி அடுத்த முறை வெந்தயத்தைக் குறைத்தாள்.

"ஆங், இப்ப கரெக்டா கீது. மம்மி புளி மட்டும் பழசா எடுக்கும்."

பழைய புளிக்கு அலைந்து வாங்கி வந்தாள். அப்போது மாங்காய் இல்லை என்று ஆயிற்று. நெத்திலி வறுத்தால் மாவு, சாம்பார் வைத்தால் பெருங்காயம், முட்டை அவித்தால்கூட மம்மி அதைக் கீறி உப்புத் தொட்டு வைத்திருக்கும். அந்தச் சமையலறையில் எந்தச் சட்டியைத் திறந்தாலும் உள்ளே சிலுவையம்மாள் இருந்தாள்.

3

ஆபீஸில் பிலோமியின் மேஜைக்குக் கப்பல் கம்பெனிகளின் பத்திரிகைகள் வரும். ஒன்றில் ஒரு பக்கம் முழுக்கக் கோழிக்கால்கள், தேன் பூசிய மாதிரி மினுமினுவென்று. இனிப்பும் புளிப்புமாகப் பூச்சு பூசி ஓவனில் சுடுவது. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வாரநாள் ராத்திரியில் செய்துகொள்ளலாம் என்று போட்டிருந்தது.

பிலோமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பசி இல்லை. இதைச் சிலுவையம்மாள் செய்திருக்கவே முடியாது என்பதுதான் அவள் மனதில் ஓடியது.

அந்தச் சனிக்கிழமையே ஓவன் வாங்கினாள். (இங்கே ஒரு சிக்கல். ஓவனை நம் ஜனங்கள் பாதிப் பேர் 'அவன்' என்றுதான் சொல்கிறார்கள். "பிலோமி அவனைத் துடைத்து மூலையில் உட்கார வைத்தாள்" என்று நான் எழுதினால் லியோனார்ட் கோபித்துக்கொள்வார். ஆகவே ஓவன்.)

எந்தக் கிழமை செய்வது என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு சிலுவையம்மாளுடையது, அதில் கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டில் கறி கிடையாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோணியார் கோயிலில் நவநாள் ஜெபம். ஆகவே புதன்.

பத்திரிகைச் செய்முறையில் சொன்ன ஆரஞ்சு மர்மலேட், அந்தத் தோல் போட்ட ஜாம், வீட்டில் இல்லை. ஷைனிக்கென்று வாங்கி வைத்து, அவள் மரியாதையாகத் தொடாமலே விட்ட ஜாம் பாட்டில் இருந்தது. கடுகு விழுதுக்குப் பதில் இடித்த மிளகாய், வினிகர் கொஞ்சம், கெட்டியாகக் கரைத்த புளி. காலையிலேயே கோழிக்காலைக் கீறி, இஞ்சி பூண்டு உப்பு எலுமிச்சை தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் ஜாமையும் புளியையும் காய்ச்சிக் கோழிமேல் தாராளமாகப் பூசி உள்ளே தள்ளினாள்.

கரிந்துவிட்டது. ஜாமில் இருந்த சர்க்கரை எல்லாம் தீய்ந்து, வீடு முழுக்கப் புகை. எதிர்வீட்டு புஷ்பவல்லி ஓடிவந்து, "இன்னா பிலோமி, எண்ணூர் பவர்ஹவுஸ் புகைக்கூண்ட வூட்டுக்குள்ள கொணாந்துட்டியா?" என்றாள்.

அடுத்த புதன் விஷயம் புரிந்தது. கோழி முதலில் வெறுமனே வேகவேண்டும். இனிப்பைக் கடைசியில்தான் பூசவேண்டும்.*

* இதில் ஓர் உவமை பல்லை இளித்துக்கொண்டு நிற்பது எனக்கும் தெரிகிறது. தொடமாட்டேன். கோழி கோழியாகவே இருக்கட்டும்.

4

அந்த இரண்டாவது புதன்கிழமை ஷைனி ஒரு வாய் கடித்தாள். யோசித்தாள். வழக்கமாக அந்த யோசனை முடிந்ததும் மம்மி வருவாள். பிலோமி கையில் கரண்டியோடு காத்திருந்தாள். ஷைனி இன்னொரு வாய் கடித்தாள். மம்மியை எங்கே தேடியும் கிடைக்காதவள் போல விழித்தாள்.

"இது இன்னா ஆன்ட்டி?"

"கோழி."

"அது தெரியுது. பேர் இன்னா?"

"பேர்லாம் வெக்கல."

"ஜாம் கோழி," என்றாள் ஷைனி. இன்னொரு கால் எடுத்துக்கொண்டாள். லியோனார்ட் தலையை மட்டும் ஆட்டினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பிரசங்கம்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பிலோமியே எதிர்பார்க்கவில்லை. குழம்பென்றால் கிளறவேண்டும், வறுவலென்றால் புரட்டவேண்டும், அடுப்பை விட்டு நகர முடியாது. ஓவனில் வைத்துவிட்டால் முக்கால் மணி நேரம் சும்மா உட்காரலாம். கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பாகக் கம்பி எரிய, அதை டிவி பார்ப்பது போல பிலோமியும் ஷைனியும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்தால் பேச்சு வரும்தானே.

"நீங்க இன்னாத்துக்கு இத்தினி நாள் கல்யாணம் பண்ல ஆன்ட்டி?"

"அப்பா போய்ட்டாரு. தம்பிங்க படிச்சிகினு இருந்தானுங்க. வூட்ட நான் பாத்துக்கினேன். அப்பால வூடு என்னிய பாத்துக்கும்னு நெனச்சேன்."

"பாத்துக்கலையா?"

"தம்பி பொண்டாட்டி வந்துச்சு."

ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலோமிக்கும். கோழியில் பூச்சு பூச மறந்து, அவசரமாக எழுந்து பூசினாள்.

இப்படி மழைக்காலம் முழுக்கப் புதன்கிழமைகள் போயின.

5

இந்த இடத்தில் எனக்குப் பிலோமிமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனுஷி இவ்வளவு பொறுமையாக இருப்பாளா? பஸ்ஸில் பார்த்த அம்மா அப்படியில்லை, நாக்கு உள்ளவர். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பிலோமி மாதா சொரூபம் மாதிரி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

புதன்கிழமைகள் கொடுத்த தைரியத்தில் அன்று அவள் கோழிக்குழம்பு வைத்துவிட்டாள். ஷைனி சாப்பிட்டாள், யோசித்தாள்.

"நல்லா கீது ஆன்ட்டி. மம்மி தேங்கா வறுத்து அரைக்கும்."

பிலோமி எழுந்தாள். தட்டுகளைக் கழுவினாள். ஷைனி உள்ளே போனதும், ஈரக்கையோடு லியோனார்ட் முன்னால் போய் நின்றாள்.

"செத்துப் போனவகூட ஒரே அடுப்புல எத்தினி நாளு நிக்கறது? போட்டோல இருந்து எறங்கி வந்து அவளே ஆக்கிப் போடட்டும். நான் போறேன்."

சொல்லி முடித்தபோது ஷைனி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள், தண்ணீர்ச் சொம்பை வைத்துப் போக வந்தவள். சொம்பைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

மன்னிப்புக் கேட்கும் ஒரு காட்சியை இங்கே எழுதினேன். "ஷைனி, நான் வாய் தவறி" — பிலோமி அதைச் சொல்ல மறுத்துவிட்டாள். வாய் தவறவில்லை, மனதில் இருந்ததுதான் வந்தது என்று அவளுக்குத் தெரியும். பொய்யாகக் கேட்க வரவில்லை, மெய்யாகக் கேட்கத் தெரியவில்லை. நாட்கள் போயின. பரீட்சை வந்தது, முடிந்தது.

6

தேவப்பிரியம் எண்ணூரிலிருந்து வந்தது ஒரு புதன்கிழமை. சிலுவையம்மாளின் தங்கை, ஷைனிக்குச் சித்தி. ஷைனிதான் எதிர்வீட்டிலிருந்து போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள். அது பிலோமிக்குத் தெரியாது. தட்டில் கோழி வைத்த பிறகுதான் தெரிந்தது.

"புள்ளதான் போன் பண்ணி வரச் சொல்லிச்சு மச்சான். எங்கூட வந்து இருக்கட்டும். பதினொன்னு அங்கயே சேத்துடலாம்," என்றாள் தேவப்பிரியம். பிறகு கோழியைக் கடித்து முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, கோழில வெல்லத்த போட்டாப்ல? எங்கக்கா கைக்கு —"

"சித்தி," என்றாள் ஷைனி. "நீ துன்றியா, நான் எடுத்துக்கட்டா?"

ஷைனி கையை நீட்டிச் சித்தி தட்டிலிருந்த காலை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். லியோனார்ட் மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா," என்றார் மகளிடம். "போறியா, இருக்கியா?"

7

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன்.

முதல் முடிவு: ஷைனி, "நான் போவல, எங்கம்மா இங்க கீறாங்க" என்று பிலோமியைக் கட்டிக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்துவிட்டேன். ஷைனிக்கு ஓர் அம்மா இருந்தாள், அவளுக்கு அது போதும்.

இரண்டாவது: போகிறாள், திரும்புவதே இல்லை. பிலோமி ஓவனைப் பரணில் ஏற்றுகிறாள். இதை எழுதினால் பாராட்டுவார்கள். ஆனால் சித்தியின் தட்டிலிருந்து கோழியைப் பிடுங்கிய பெண்ணா அப்படிச் செய்வாள்?

நடந்தது இதுதான்.

"போறேன் டாடி," என்றாள் ஷைனி. குனிந்தபடி எலும்பைச் சுத்தமாகக் கடித்து முடித்தாள். பிலோமி எழுந்து போய் அவளுடைய துணிகளை மடித்து வைத்தாள். பாவாடையில் பிரிந்திருந்த தையலைப் போட்டாள். சொல்லவேண்டியது நாக்கு நுனியில் இருந்தது. ஆட்டோ வந்தது. ஷைனி, "வரேன் ஆன்ட்டி" என்றாள். பிலோமி, "ஜாக்கிரத" என்றாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் புதன்கிழமையும் பிலோமி கோழி வாங்கவில்லை. இரண்டு பேருக்கு எதற்கு என்று ரசம் வைத்தாள். இருட்டுகிற நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஷைனி வந்திருந்தாள், புதுப் பள்ளிக்கூடத்து யூனிபார்மோடு, தோளில் புத்தகப் பை. நேராகச் சமையலறைக்குள் போய் ஓவன்மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, சில்லுனு கீது? புதன்கெழம இல்ல இன்னிக்கு?"

லியோனார்ட் ஆணியில் மாட்டியிருந்த கறிப்பையை எடுத்துச் செருப்பு மாட்டிக்கொண்டார்.

8

இதுவரைக்கும் நான் பிலோமியை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை, கவனித்திருப்பீர்கள். இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர். பேசவேண்டியது பாக்கி இருக்கிறது, அது எனக்கும் தெரியும். மூன்றாவது ஆளாக ஒருவன் பேனாவோடு நின்றால் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே நான் லியோனார்டோடு கறிக்கடைக்குப் போய்விட்டேன்.

கறிக்கடைப் பாய் லியாகத் அலி கடையைக் கழுவிவிட ஆரம்பித்திருந்தார்.

"இன்னா லியோனார்ட்ணே, இந்நேரத்துல?"

"பொண்ணு வந்துகீது பாய்," என்றார் லியோனார்ட். அதோடு நிற்கவில்லை. எண்ணூரிலிருந்து தனியாக ரயில் ஏறி வந்ததையும், பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் எடுத்திருப்பதையும், கொஞ்சம் மெலிந்திருப்பதையும் சொன்னார். அவள் வந்ததும் ஓவனைத் தொட்டுப் பார்த்ததை இரண்டு தரம் சொன்னார். பாய் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்தார்.

"பையக் குடுங்கண்ணே, டக்குனு வெட்டித் தரேன். பசியா இருக்கும் புள்ளைக்கு."

லியோனார்ட் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவா வெட்டு பாய். அவசரமே இல்ல."

எதிர்க் கடையில் டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இருவரும் பிளாட்பாரத்தில் நின்று குடித்தோம். ஹார்பர் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதற்குள் அங்கே என்ன பேச்சு நடந்தது, யார் முதலில் ஆரம்பித்தார்கள், பேசினார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. லியோனார்ட் செருப்பை மாட்டியபோது நான் கிளம்பிவிட்டேன். நீங்கள்தான் கிளம்பவில்லை. சமையலறைக் கதவோரம் இவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்.

நீங்கள் சொல்லுங்கள்.