வளைவு வீட்டுப் பூப்பத்தை

மரியமலர் ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் பஸ் ஓட்டுபவள். பல வருடங்களாக அவளுக்கு ஒரே தடம்தான். அந்தத் தடத்தில் எந்தத் திருப்பத்தில் எந்த நாய் வேலிக்குள் நின்று குரைக்கும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம். பாதையோரத்து வீடுகளுக்கு இலக்கங்கள் இருந்தாலும் அவள் அவற்றை முன்தோட்டங்களை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். ரோசா வீடு, கல்லு வீடு, வளைவு வீடு.

இவற்றில் வளைவு வீடுதான் அவளுக்கு வேண்டியது. வீதி வளையும் இடத்தில், சமிக்ஞை விளக்குக்கு நேரே அது இருந்தது. சிவப்பு விழுந்து பஸ் நிற்கும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் நிற்கும் ஒரு செடி கண்ணில் படும். ஆள் உயரத்தைத் தாண்டிய பெரிய பத்தை. தை மாதத்தில், ஊர் முழுக்க மரங்கள் மொட்டையாகக் கறுத்து நிற்க, இது மட்டும் ஓர் இலைகூட இல்லாத கொப்புகளில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துக்கொண்டு நிற்கும். பனி கொட்டினாலும் நிற்கும். விளக்குப் பச்சையானதும் மரியமலர் போய்விடுவாள். அதற்கு மேல் அந்தச் செடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில் அவளும் கணவன் றெஜினோல்டும் மாடிக் குடியிருப்பை விட்டு ஒரு வரிசை வீட்டுக்கு மாறினார்கள். பழைய சொந்தக்காரர் முன்தோட்டம் முழுவதையும் சாம்பல் நிறக் கல்லால் மூடி வைத்திருந்தார். கதவுப்பூட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து றெஜினோல்ட் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியேற்றினான். மாசி பிறந்தபோது வாசலில் வெறும் மண் கிடந்தது.

"ஃபோர்சித்தியா வைப்பம்" என்றான் அவன். "முதல் வெயிலுக்கே மஞ்சளாய்ப் பூக்கும். பட்டுப்போகாது. ஊரெல்லாம் அதுதானே நிக்குது."

"ஊரெல்லாம் நிக்கிறதைத்தானே நான் நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு ஓடுறன். வீட்டு வாசலிலையும் அதையே பாக்கவோ?"

"அப்ப உமக்கு என்ன வேணும்? சொல்லுமன்."

"ஒண்டு இருக்கு. பேர் தெரியேல்லை."

"பேர் தெரியாத சாமானை எங்கை போய் வாங்கிறது?"

சனிக்கிழமை இருவரும் செடிகள் விற்கும் கடைக்குப் போனார்கள். அங்கே நின்ற பெண் பொறுமைசாலி. மரியமலர் கைகளை விரித்தும் குவித்தும் சொன்ன அடையாளங்களைக் கேட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றில் பூ நூல் நூலாக மஞ்சளாய்த் தொங்கியது. மற்றது பந்தலில் படரும் சாதி. இன்னொன்று சிவப்பு, முள்ளும் இருந்தது. மரியமலர் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினாள். அதற்குள் றெஜினோல்ட் ஒரு ஃபோர்சித்தியாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதுபோல உரச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதை இறக்கி வையுங்கோ."

"ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லையே!"

"பஸ் ஓடேக்கை போனைத் தொட்டால் வேலை போயிடும்."

உண்மை அதுதான். லீவு நாளில் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வீடு நகரத்தின் மறு கோடியில் இருந்தது. ஓய்வு கிடைத்த நாளில் வேலைப் பாதையிலேயே திரும்பப் போக அவளுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

இந்த முறை வந்தது. வியாழக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. தன்னுடைய தடத்தின் பஸ்ஸிலேயே பயணியாக ஏறி உட்கார்ந்தாள். கையில் சுக்கான் இல்லாமல் அந்த வளைவுகளில் ஆடி ஆடிப் போவது ஒரு மாதிரியாக இருந்தது. சமிக்ஞை விளக்கைத் தாண்டிய தரிப்பில் இறங்கி, வந்த வழியே நடந்தாள்.

வீட்டை அடைய இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தபோதே ஒரு வாசனை வந்தது. யாரோ கேக் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். வெனிலா, தேன், அதற்குள் மெல்லியதாகக் கிராம்பு. குளிர்காற்றில் அது விட்டு விட்டு வந்தது. வளைவில் திரும்பியதும் மூக்கு நிறைய அடித்தது. எதிரே அந்தச் செடி நின்றது.

மரியமலர் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடமும் கண்ணாடிக்கு உள்ளே, நனைந்த ஜாக்கெட்டுகளின் நெடியோடு உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள். இதற்கு வாசனை இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிட்டப்போய் ஒரு கொப்பைப் பிடித்து முகத்தருகே இழுத்தாள். அப்போதுதான் கண்டாள், அடியில் சிவப்பும் வெள்ளையுமான நாடா சுற்றிக் கட்டியிருந்தது.

கதவு திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தடித்த கம்பளிக் காலுறையோடு வாசற்படிக்கு வந்தாள்.

"யாரையாவது தேடுகிறீர்களா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

மரியமலர் கொப்பை விட்டாள். "மன்னியுங்கள். இந்தச் செடியின் பெயர் என்ன என்று கேட்கத்தான் வந்தேன். நான் இந்த வழியாகப் பஸ் ஓட்டுகிறேன். தினமும் பார்ப்பேன்."

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. "என் சமையலறை சன்னலுக்கு முன்னால் வந்து நிற்பது நீங்கள்தானா? நான் யூலியா." இறங்கி வந்து கை கொடுத்தாள். "இது டுஃப்ட்ஷ்னேபால். வாசனைப் பனிப்பந்து. நல்ல நேரத்தில் வந்தீர்கள். திங்கட்கிழமை இது இருக்காது."

அவளுடைய கணவர் முதுகெலும்பில் அடிபட்டு நீண்ட நாளாகச் சிகிச்சை நிலையத்தில் இருந்தார். அடுத்த மாதம் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வருகிறார். படிகளுக்குப் பதிலாகச் சாய்வுப்பாதை போட வேண்டும். எப்படி அளந்தாலும் அது இந்தச் செடியின் மேலாகத்தான் போகிறது. மார்ச் பிறந்துவிட்டால் பறவைகள் கூடு கட்டும் காலம், செடிகளை வெட்டச் சட்டம் விடாது. அதனால் அதற்கு முன்னரே வெட்ட ஆட்களுக்குச் சொல்லிவிட்டாள்.

"அவருக்கு இது என்றால் உயிர். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை" என்றாள் யூலியா.

ஒரு பூவைக் கேட்டு வந்த இடத்தில் இப்படியொரு கதையா என்று மரியமலருக்குச் சங்கடமாகப் போயிற்று. வெட்டுவதற்கு அடையாளமாகக் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள். "வெட்டாமல், வேரோடு கிளப்பி எங்கள் வாசலில் நட்டால்?"

"கிளப்பலாம். யார் கிளப்புவது? நான் தனியாக இருக்கிறேன்."

"எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றாள் மரியமலர். சொன்ன பிறகுதான் அந்த ஆட்களுக்கு இன்னும் தெரியாது என்பது உறைத்தது.

வீட்டில் றெஜினோல்ட் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "ஆரோ ஒரு வெள்ளைக்காரியின்ரை வளவிலை போய்க் கிடங்கு கிண்டவோ? என்ரை நாரிநோவு கிடக்கிற கிடையிலை?"

"நீங்கள் வரவேண்டாம். நான் அல்பேர்ட் அண்ணையைக் கேக்கிறன்."

அல்பேர்ட் அவர்களோடு கோயில் பாடகர் குழுவில் பாடுபவர். நகரத்து மயானத்தில் மரங்களும் செடிகளும் பராமரிக்கிற வேலை. சொந்தமாக இழுவைப்பெட்டி பூட்டிய கார் வைத்திருந்தார். போனில் விசயத்தைக் கேட்டதும் "வாறன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"அவர் வந்தால் நான் வீட்டிலை இருக்க ஏலுமோ?" என்று முணுமுணுத்துக்கொண்டு றெஜினோல்ட் நிலவறைக்குப் போய் மண் கிண்டுகிற இரும்பு அலவாங்கைத் தேடினான்.

சனிக்கிழமை காலையில் மூவரும் போய் இறங்கினார்கள். மண் உறையாமல் ஈரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அல்பேர்ட் செடியைச் சுற்றி வட்டம் கீறினார். ஆண்கள் இருவரும் மாறி மாறிக் கிண்ட, மரியமலர் மண்ணைச் சாக்கில் அள்ளினாள். யூலியாவும் காலுறையை மாற்றிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். வேர் லேசில் விடவில்லை. ஒரு பக்கம் அசைந்தால் மறு பக்கம் பிடித்தது. கடைசியில் றெஜினோல்ட் அலவாங்கை அடியில் கொடுத்து, முழுப் பாரத்தையும் போட்டு நெம்பினான்.

படாரென்று ஒரு சத்தம். செடி எழும்பியது. ஆனால் நடுவால் பிளந்து, ஒரு துண்டு இந்தப் பக்கமும் ஒரு துண்டு அந்தப் பக்கமுமாகச் சாய்ந்தது.

யூலியா வாயைப் பொத்திக்கொண்டாள். மரியமலர், தான் தன்பாட்டுக்கு வண்டியோட்டிக்கொண்டு இருந்திருந்தால் திங்கட்கிழமை ஒழுங்காக வெட்டியிருப்பார்கள், இப்படி இழுத்துக் கிழித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். றெஜினோல்ட் அலவாங்கைப் பிடித்தபடியே, "நான் வேணுமெண்டு செய்யேல்லை, மலர்" என்றான்.

அல்பேர்ட் குனிந்து இரண்டு துண்டுகளின் வேரையும் விரலால் தடவிப் பார்த்தார். "ஏன் எல்லாரும் செத்தவீடு மாதிரி நிக்கிறியள்? இதென்ன ஒற்றை அடிமரமே? அடியிலையிருந்து கிளைக்கிற சாதி. ரெண்டு பக்கமும் வேர் இருக்கு. ஒண்டை எடுக்க வந்தம், ரெண்டு கிடைச்சிருக்கு." பிறகு கத்தரியை எடுத்தார். "ஆனால் வேர் குறைஞ்சால் மேலையும் குறைக்கவேணும். அவவுக்குச் சொல்லும், பாத்து அழாமல் இருக்கச் சொல்லி."

மரியமலர் மொழிபெயர்த்தாள். யூலியா அழவில்லை. வெட்டி விழுந்த பூக்கொப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் வைத்தாள். "இன்று பின்னேரம் அவரிடம் கொண்டுபோகிறேன். இப்போது சொல்லலாம்" என்றாள்.

சாய்வுப்பாதை திரும்புகிற மூலையில் கொஞ்சம் மண் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். சின்னத் துண்டை அங்கேயே நட்டார்கள். பெரிய துண்டை ஈரச்சாக்கில் சுற்றி இழுவைப்பெட்டியில் ஏற்றினார்கள். பிறகு யூலியா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் கோப்பியும் பாணும் கொடுத்தாள். பாணுக்குப் பூச ஒரு கருஞ்சிவப்பு ஜாம் இருந்தது. றெஜினோல்ட் மரியாதைக்கு ஒரு வாய் கடித்தான். கண் ஒரு பக்கம் சுருங்கியது.

"மலர், இதென்னப்பா? நல்ல புளி!"

யூலியா பின்தோட்டத்தைக் காட்டினாள். அங்கே உயரமான ஒரு செடி, கொப்பெல்லாம் குட்டி மஞ்சள் மொட்டுகளோடு நின்றது. கொர்னெல்கீர்ஷ. மார்ச்சில் இலை வருமுன்னர் மஞ்சளாகப் பூக்கும். குளிர்விட்டு வெளியே வரும் தேனீக்களுக்கு அதுதான் முதல் சாப்பாடு. கோடை முடிவில் பழம் தரும், அதில்தான் அந்த ஜாம். ஃபோர்சித்தியாவும் அழகுதான், ஆனால் அதில் தேனீக்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்றாள்.

றெஜினோல்ட் இரண்டாவது துண்டுப் பாணை எடுத்தான். "இந்தப் பழத்திலை சட்னி போடலாம். என்ன? மிளகாய்த்தூளும் சீனியும் போட்டு." கொஞ்சம் யோசித்தான். "மஞ்சளாய்த்தானே பூக்குமாம்?"

"ஓம், சொல்லுறாதானே."

"அப்ப ஃபோர்சித்தியா வேண்டாம்."

அல்பேர்ட் கோப்பிக்குள் பார்த்துச் சிரித்தார்.

வாசனைப் பனிப்பந்தை வாசலின் இடது பக்கம், சமையலறை சன்னலுக்குக் கிட்ட நட்டார்கள். வலது பக்கம் கடையிலிருந்து வாங்கிய கொர்னெல்கீர்ஷ. இரண்டுக்கும் இடையில் என்ன வைப்பது என்பதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. சித்திரையில் செடியில் இலை வந்தது. சில கொப்புகள் காய்ந்தும் போயின, அல்பேர்ட் வந்து அவற்றை வெட்டிவிட்டுப் போனார். கோடை கடுமையாக இருந்தது. மரியமலர் வேலை முடிந்து வந்து, சீருடையைக் கழற்றுமுன்னரே தண்ணீர் ஊற்றினாள். இப்போது சமிக்ஞை விளக்கில் பஸ் நிற்கும்போது, வளைவு வீட்டுச் சாய்வுப்பாதையில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்து செய்தித்தாள் படிப்பார். பஸ்ஸைக் கண்டால் தாளை உயர்த்தி ஆட்டுவார். இவளும் கையை உயர்த்துவாள்.

மார்கழி கடைசியில் யூலியாவிடமிருந்து ஒரு படம் வந்தது. மூலையில் நட்ட சின்னத் துண்டில் பூ.

மரியமலர் ஜாக்கெட்டைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். அவளுடையதில் மொட்டுகள் இறுகிப்போய் இருந்தன.

"அவளின்ரை பூத்திட்டுது. பெரிய துண்டு எங்கடையெல்லோ?"

"இதென்ன பஸ்ஸோ, போட்டிபோட்டு ஓட? பொறும்" என்றான் றெஜினோல்ட்.

அவள் பொறுக்கவில்லை. காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தாள். நத்தார்ப் பண்டிகைப் பலகாரம் முடிந்து, புதுவருடமும் பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து காரை விட்டு இறங்கியபோது றெஜினோல்ட்தான் முதலில் நின்றான். மூக்கைச் சுருக்கினான்.

"மலர், அடுப்பிலை ஏதும் வைச்சிட்டு வந்தனீரோ?"

அவள் நேரே செடியிடம் போனாள். ஒரேயொரு கொப்பின் நுனியில், நான்கைந்து பூக்கள் கொத்தாக விரிந்திருந்தன. அவ்வளவுதான்.

மத்தியானம் சமைக்கும்போது அவள் சமையலறை சன்னலை அகலத் திறந்து வைத்தாள். வெளியே பனி தூறியது. வீட்டுக்குள் இருந்த சூடெல்லாம் வெளியே போனது. றெஜினோல்ட் சன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழும்பிப் போய், குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து வெங்காயம் வெட்டத் தொடங்கினான்.