புது வண்டியில் பழைய ஊசித் துளை

புது வண்டி என்றால் மீட்டரில் பத்து இருக்கலாம், போனால் போகிறதென்று இருபது கூட இருக்கலாம். அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? சாவியைத் திருகியதும் அந்த எண் பளிச்சென்று தெரிந்தது. தையல்காரி குனிந்து இன்னொரு தடவை படித்தாள்.

பக்கத்து சீட்டில் அவள் கணவர் ஏற்கெனவே சாய்ந்து, மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டியிருந்தார். சிறுநீரகம் கெட்டுப்போன மனிதர். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போகிறவள் இவள்தான். போன மாதம் பழைய வண்டி மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவள் போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டிக் கதறினாள். அதற்குப் பிறகுதான் பழையதை ஷோரூமிலேயே கொடுத்து, முன்பணமும் கட்டி, இந்தப் புது வண்டி. நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி.

ஷோரூம் மேனேஜர் வந்தான். முதல் நாளே இவள் மனதுக்குள் அவனுக்குப் பல்லழகன் என்று பெயர் வைத்துவிட்டாள். பேச்சு வருவதற்கு முன்னால் பல் வந்துவிடும்.

"தம்பி, என்ன இது, அறுநூத்தி நாப்பது காட்டுது?"

"அதுவா மேடம், குடோன்ல இருந்து ஓட்டிட்டு வந்தது."

"குடோன் இந்தச் சுவத்துக்குப் பின்னாடிதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

பல் கொஞ்சம் உள்ளே போனது. "நாலு பேர் ஓட்டிப் பாத்திருப்பாங்க. விடுங்க மேடம், உங்களுக்காக விலையில கொஞ்சம் குறைச்சுடறேன்."

அவள் குறைக்கச் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் முன்பு தொண்டைத் தண்ணீர் வற்றப் பேரம் பேசியபோது இம்மியும் அசையாதவன், இன்றைக்குக் கேட்காமலே இறங்குகிறான்.

"எப்படி ஓடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"இன்னும் குறைக்கறேன் மேடம். இன்சூரன்சும் எங்க செலவு. சீட் கவர் இலவசம், பாருங்க, மாட்டியே வச்சுட்டோம்."

அவன் இறங்க இறங்க இவளுக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. கணவருக்கோ குஷி தாங்கவில்லை.

"உன் வாய்க்குப் பயந்துட்டாரு. இன்னும் ரெண்டு தடவ முறைச்சுப் பாரு, வண்டியச் சும்மாவே குடுத்துடுவாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காத சீட் கவரை எதற்கு இவ்வளவு அவசரமாக மாட்டினான்? இறங்கிச் சுற்றி வந்து கணவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கவரின் ஓரத்தைத் தூக்கி, சீட்டின் பக்கவாட்டுத் தையலை விரலால் தடவினாள். தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் அதை ஒட்டியே, வரிசையாக, பழைய ஊசித் துளைகள்.

பிரித்துத் தைத்த துணியை அவளிடம் மறைக்க முடியுமா? முப்பது வருஷமாகப் பிரித்துத் தைப்பதுதானே பிழைப்பு. ஓட்டுநர் சீட்டின் கவரையும் தூக்கிப் பார்த்தாள். அங்கே ஒற்றை வரிசைதான், வேறு துளையே இல்லை.

இந்தத் தையலுக்குள்தான் காற்றுப்பை இருக்கிறது, வண்டி மோதினால் இதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ஆளைக் காப்பாற்றும் என்று பல்லழகனே முதல் நாள் பெருமையடித்திருந்தான். அப்படியானால் இது ஒருமுறை கிழிந்திருக்கிறது. இதே இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தபோது கிழிந்திருக்கிறது. இப்போது உள்ளே பை இருக்கிறதா, வெறும் பஞ்சா, யார் கண்டது? அதன்மேல் சாய்ந்துகொண்டு இவர் சிரிக்கிறார்.

"என்னங்க, எந்திரிங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

குரலைக் கேட்டு அவர் மறுபேச்சில்லாமல் இறங்கினார். அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஒரு பைசா குறைக்க வேணாம். முழு விலையும் தர்றேன். இந்த வண்டி எதுலயும் மோதலன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பல்லழகன் பேனாவை எடுத்தான். தாளைப் பார்த்தான். தூக்கியிருந்த சீட் கவரைப் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

"அதெல்லாம் வழக்கமில்ல மேடம்."

"அப்ப எங்க பழைய வண்டிச் சாவியக் குடுங்க. முன்பணத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க."

"வேற வண்டி வர மூணு மாசம் ஆகும். சாரை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

சரியான இடத்தில் குத்திவிட்டான். மூன்று மாதம் என்றால் முப்பத்தொன்பது தடவை ஆஸ்பத்திரி, முப்பத்தொன்பது தடவை அந்த மேம்பாலம். அவள் கையை நீட்டினாள்.

"சாவி," என்றாள்.

பழைய வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால், பல்லழகன் குனிந்து அந்தச் சீட் கவரை இழுத்துச் சுருக்கமில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தான். அடப்பாவி என்று முனகினாள்.

கணவர் பெல்ட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாலத்துல நின்னுட்டா?"

"இறங்கித் தள்ளுறேன்."

"மேடாச்சே."

"மேடுதான். இது நிக்கும்னு தெரியும். அது என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்? நின்னா நான் இருக்கேன்ல, தள்ளுறேன்."