மழைமானிக்கு மேல் ஒரு தென்னை

எங்கள் மழைத் தரவுக் காப்பகத்தில் எதையும் அழிக்க முடியாது. தப்பான தரவைத் திரும்பப் பெற்றாலும் அதன் பக்கம் இணையத்தில் நிற்கும். மேலே சிவப்புப் பட்டை, கீழே காரணம், அதற்கும் கீழே அளவெடுத்தவர் பெயர். இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து மழைமானியின் கணக்கில் 2019-இலிருந்து கோளாறு. சுற்றியுள்ள மூன்று மானிகளைவிட அங்கே மட்டும் கால்வாசி மழை குறைவு. அந்த ஒரு தோட்டத்தின் மேல் மட்டும் மழைக்கு என்ன கோபம்? கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி நேரில் போனேன்.

அளவெடுப்பவர் பாலுசாமி, அறுபது வயது விவசாயி. காலை எட்டரை மணி அளவை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காப்பகப் பக்கத்தில் தன் பெயர் இருப்பதை அச்செடுத்து, லேமினேஷன் போட்டு ஹாலில் மாட்டியிருந்தார்.

"பிரத்யுஷா அம்மணிங்களா? குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சுங்க. இளநி வெட்டட்டுங்களா?"

மானியின் அருகில் போய் அண்ணாந்து பார்த்தேன். நேர் மேலே தென்னை மட்டைகள் கவிந்திருந்தன.

"இந்த மரம் எப்ப வெச்சதுங்க?"

"மானி வெச்ச அடுத்த வருசமுங்க. அளந்த தண்ணியச் சும்மா கொட்ட மனசு வரலீங்க. பக்கத்துலயே ஒரு தென்னம்புள்ளய வெச்சு ஊத்தினனுங்க. எப்படி வந்திருக்குது பாருங்க!"

மட்டைகள் மழையை மறைப்பதையும், இந்தக் கணக்கைத் திரும்பப் பெற வேண்டியிருப்பதையும் சொன்னேன். மட்டையையும் மானியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் பொய்யிங்களா?"

"நீங்க எழுதினது சரிதானுங்க. உள்ள விழுந்த மழைதான் கம்மி."

"மரத்த வெட்டிப்போட்டா பழசு சரியாயிருமுங்களா?"

"ஆகாதுங்க."

உள்ளே போய் அந்தத் தாளைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அளவெடுத்தவர் கவனக்குறைவுன்னு போட்டு முடிங்க" என்றார் அலுவலகத்தில் எங்கள் தலைவர் பாலகோபால். அந்த மானியின் கோப்பைத் திறந்தேன். 2019-இலிருந்து வருடம் ஒன்றாக ஆறு ஆய்வுப் படிவங்கள். எல்லாவற்றிலும் 'மானிக்கு மேல் மறைப்பு இல்லை'. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. வருடா வருடம் போன் போட்டு, "எல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பேன். "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்பார். எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? நலம் விசாரித்துவிட்டு அதை ஆய்வு என்று எழுதியவள் நான். வெட்கமாக இருந்தது.

காரணத்தைத் தட்டச்சு செய்தேன்: 'அளவெடுத்தவர் பதிவில் பிழையில்லை. ஆறு ஆண்டுகள் இடத்தைப் பார்க்காமலே ஆய்வுப் படிவம் நிரப்பப்பட்டது. நிரப்பியவர்: பிரத்யுஷா.'

"அப்புறம் அழிக்க முடியாதும்மா" என்றார் பாலகோபால்.

"அந்த விதிய எழுதினதே நாங்கதானுங்க சார்."

புதுப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மானியைத் திறந்த வெளிக்கு மாற்றியிருந்தார். மரத்தை வெட்டவில்லை. தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். சிவப்புப் பட்டையில் அவர் பார்வை நிற்கவில்லை. என் பெயரில் நின்றது.

"உங்க பேர எடுத்துப்போட முடியாதுங்களா அம்மணி?"

"முடியாதுங்க."

எழுந்து போய் அதைப் பழைய தாள் இருந்த அதே ஆணியில் மாட்டினார்.

"இருக்கட்டுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுதானுங்களே."