குடிமக்கள் மட்டும்

துணி உலர்த்தும் இயந்திரம் நின்று வெகுநேரமாகியும் கஜனி துணிகளை எடுக்கவில்லை. கீழ்த்தளத்து லோண்ட்றி அறையின் கதவருகே ஒட்டியிருந்த அறிவித்தலை இராஜேஸ்வரி அன்ரி இன்னொரு பெண்ணுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

"இனி இஞ்சை குடியிருக்கிற சனம் மட்டும்தான் வோட்டுப் போடலாமாம். நல்ல அலுவல். மார்க்கம் ரவுணிலை வீடு வாங்கிக்கொண்டு போனவை, தேர்தல் எண்டவுடனை காரிலை வந்து கை தூக்கினம். எங்கடை லிஃப்ற் ஓடினால் என்ன, நிண்டால் என்ன உவைக்கு?"

அந்த அறிவித்தலின் தமிழ்ப் பகுதியை எழுதியவள் கஜனிதான். மேலே ஆங்கிலம், கீழே அவள் கைப்பட எழுதிய தமிழ். கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கத்து யாப்பைத் திருத்தப் போகிறார்கள். இனிமேல் சங்கத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் குடிமக்களுக்கு மட்டுமே உரிமை. தமிழ் இருக்கும்போது மேலே இருப்பதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

தலைவர் அகஸ்ரின் தந்த ஆங்கிலத்தில் இருந்த சொல் சிற்றிசன், இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். இந்த மல்வேர்ன் வட்டாரத்தில் அது தெரியாத தமிழர் இல்லை. பஸ்ஸிலும் கோயிலிலும் ஒருவரையொருவர் கேட்பது அதைத்தான்: சிற்றிசன் கிடைச்சிட்டுதோ? "நல்ல தமிழிலை எழுது பிள்ளை, கம்பஸ் முடிச்சனி தானே" என்று அவர் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவள் கஜனி. ஒன்றுக்குச் சரியான பெயர் இருக்கும்போது வாயில் வருவதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சரியான பெயரை இந்தக் கட்டடம் வேறு விதமாக வாசிக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"அன்ரி" என்றாள். ஓடிக்கொண்டிருந்த மற்ற உலர்த்திகளின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

இராஜேஸ்வரி தற்செயலாகத் திரும்பினார். "உன்ரை எழுத்துத்தானே பிள்ளை? வடிவா எழுதியிருக்கிறாய். வாற மாதம் நான் கொமிற்றிக்கு நிக்கிறன். அந்த லிஃப்ற்றை ஒரு கை பார்க்காமல் விடமாட்டன்."

அவர் கணவர் பொன்னம்பலம் பாரிசவாதத்தில் விழுந்தவர். பதினோராம் மாடி. போன கிழமை லிஃப்ற் நின்றபோது ஆஸ்பத்திரிக்குப் போக அவரைச் சக்கரக் கதிரையோடு படிகளில் தூக்கி இறக்கினார்கள். தலை ஒரு பக்கம் சரிந்திருக்க, வழி முழுக்க எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர்களுடைய அகதி வழக்கு இன்னும் கூப்பிடப்படவில்லை. கஜனியுடையதும் அப்படித்தான்.

"வாறன் பிள்ளை. கூட்டத்துக்கு அவரையும் வெளிக்கிடுத்த வேணும்" என்று இராஜேஸ்வரி போய்விட்டார்.

கஜனி ஒரு படுக்கை விரிப்பை மடித்தாள். மூலை பொருந்தவில்லை. உதறி மறுபடி மடித்தாள். பிறகு எல்லாவற்றையும் கூடைக்குள் அப்படியே திணித்து வைத்துவிட்டுக் கூட்ட அறைக்குப் போனாள்.

அகஸ்ரின் தனியே கதிரைகளை விரித்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றை எடுத்து விரித்தாள். இன்னொன்று. மூன்றாவது கதிரை விரிய மறுத்தபோதுதான் வாய் வந்தது.

"அங்கிள், அந்தச் சொல்லைச் சனம் பிழையா விளங்கியிருக்கு. குடியிருக்கிற ஆக்கள் எண்டு நினைக்கினம்."

அவர் நிமிரவில்லை. "சொல்லிலை பிழை ஒண்டும் இல்லையே. டிக்‌ஷனறியிலை அதுதானே கிடக்கு."

"ஓம். எண்டாலும்…"

"இஞ்சை பார். இந்தச் சங்கத்தை நாங்கள் தொடங்கேக்கை உந்த ஓனர் எங்களைக் கதவுக்குள்ளையும் விடயில்லை. சிற்றிசன் எடுத்த ஆள் போய் நிண்டு கதைச்சாத்தான் அவன் காது குடுப்பான். கேஸ் முடியாத ஆள் நாளைக்கு இஞ்சை இருப்பாரோ எண்டு ஆருக்குத் தெரியும்? உனக்கும் கெதியிலை கிடைக்கும். பிறகு நீயும் வோட்டுப் போடலாம்." அவள் கையில் இருந்த கதிரையை வாங்கி ஒரே தட்டில் விரித்தார். "அதைக் கொஞ்சம் முன்னுக்குப் போடு."

அவள் அதை முன்னுக்குப் போட்டாள்.

அறை நிறைந்தது. ஈரச் சப்பாத்துகளின் மணமும் ஜக்கெட்டுகளின் உரசலும் அவளைச் சுவரோடு ஒதுக்கின. பொன்னம்பலத்தைத் தள்ளிக்கொண்டு வந்து இராஜேஸ்வரி முன் வரிசையில் அமர்ந்தார். காதோரம் வழிய எண்ணெய் வைத்துக் கணவருக்குத் தலை வாரியிருந்தது.

"யாப்புத் திருத்தம்" என்றார் அகஸ்ரின். "எல்லாரும் வாசிச்சிருப்பியள். திருப்பி வாசிச்சு நேரத்தைப் போக்காமல் வோட்டுக்கு விடுவம். கேள்வி இருக்கோ?"

இப்போது. கஜனி மூச்சை இழுத்தாள்.

"அகஸ்ரின் அண்ணை, ஒரு கேள்வி." நாலாம் மாடி கஸ்பர் எழுந்து நின்றார். "குடிமக்கள் எண்டால் நானும் அதுக்குள்ளை வருவன்தானே? வெள்ளி, சனி ரெண்டு நாளும் ஒழுங்காக் குடிக்கிறனான்."

அறை குலுங்கிச் சிரித்தது. இராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "முதல் வோட்டே உனக்குத்தான், இரு" என்றார் அகஸ்ரின். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுவதும் அடங்குமுன்னே, "சரி, ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார்.

கைகள் எழுந்தன. கஜனிக்குத் தெரிந்த கைகள். பெட்டி அடிக்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் கை, கோயிலில் கோப்பி ஊற்றித் தரும் கை. பொன்னம்பலமும் வலது கையைத் தூக்கினார். அது நடுங்கியது, இராஜேஸ்வரி ஒரு கையால் அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டு மற்றதைத் தூக்கினார்.

கஜனி கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்பதற்கு உயர்த்துவதுபோல.

அகஸ்ரின் பேனா முனையால் வரிசை வரிசையாக எண்ணி வந்தார். சுவரோரம் வந்தபோது முனை சற்று நின்றது. பிறகு அவளையும் எண்ணிக்கொண்டு நகர்ந்தது.

"நன்றி. இறக்கலாம்."

ஜக்கெட்டுகள் உரச, கைகள் இறங்கின. இராஜேஸ்வரி பொன்னம்பலத்தின் கையை மெல்ல மடியில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணியாச்சு பிள்ளை. கையை இறக்கு."

அறை முழுவதும் திரும்பியது. கஜனியின் கை இறங்கவில்லை. ஸ்வெற்றரின் கை முழங்கைவரை வழுகிக் கிடந்தது. சுட்டுவிரல் நுனியில், அறிவித்தல் எழுதிய கறுப்பு மை இன்னும் போகாமல் இருந்தது.